ஈயின் தூக்கத்தை அளக்கும் கை

பழ ஈ தொடர்ந்து ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் அது தூக்கம். ஈக்கும் தூக்கம் உண்டென்று 2000-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே நிறுவின. எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் செய்வதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான்.

65 மி.மீ. நீளம், 5 மி.மீ. குறுக்களவில் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் சர்க்கரையும் அகாரும் கலந்த உணவு, அதன்மேல் மெழுகு. மறுமுனையில் பஞ்சு. நடுவே அகச்சிவப்பு ஒளி; ஈ அதைக் கடந்தால் கருவி எண்ணிக்கொள்ளும். செத்த ஈக்கும் தூங்கும் ஈக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. ஆகவே பதிவு முடிந்ததும் ஒவ்வொரு குழாயையும் தட்டிப் பார்த்தே கணக்கில் சேர்க்க வேண்டும். மெழுகில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் உணவு காய்ந்துவிடும். பசித்த ஈ தூங்காது, இரை தேடி அலையும். வரைபடத்தில் அது மரபணுக் கோளாறு போலவே தெரியும்.

மரபணுவின் எழுத்து மாறாமலே தூக்கம் கெடலாம். டி.என்.ஏ. சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் அசிட்டைலை ஒட்டவைக்கும் நொதி டிப்60. அது சரியாக வேலை செய்யாவிட்டால், மூளையின் கடிகார நியூரான்களில் ஆக்ஸான் என்னும் நீண்ட இழையின் வளர்ச்சி குன்றும், தூக்கமும் குலையும். ஃபிலடெல்ஃபியாவில் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்து ஃபெலிஸ் எலஃபாண்ட் குழு 2012-இல் இதைக் காட்டியது. படிக்க ஒரு வரி. ஆனால் ஆக்ஸானின் நீளத்தைப் பார்க்க மூளையை முழுசாக வெளியே எடுக்கத் தெரிய வேண்டும்.

எனக்குக் கற்றுத்தந்த அக்கா இரண்டு ஐந்தாம் நம்பர் இடுக்கிகளோடு உட்கார்ந்தால் மணிக்கட்டு மேசையை விட்டு எழாது. உறிஞ்சுகுழாயைப் பிடித்து இழுப்பார். அந்தத் திறப்பிலிருந்து தலையோட்டைப் பக்கவாட்டில் கிழிப்பார். வெள்ளி நூல் போன்ற மூச்சுக்குழல்களை அவை ஓடும் போக்கிலேயே உரிப்பார். எதிர்த்து இழுத்தால் பார்வை மடலும் கூடவே பிய்ந்து வரும். மிச்சம் வைத்தால் அதிலுள்ள காற்றால் மூளை மிதக்கும், கண்ணாடியில் சாய்ந்து படுக்கும். சாய்ந்த மூளையில் நல்ல ஆக்ஸானும் குட்டையாகத்தான் தெரியும். “ஈ மேல பழி போடாதே, முதல்ல நேரா படுக்க வை” என்பார். நுண்ணோக்கியில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது மூளை படுத்திருக்கும் விதத்தைத்தான்.

புதிதாக வருகிறவர்களே, டிப்60-ஐ உடனே தொடாதீர்கள். சாதாரண ஈக்களை அடைத்துப் பழகுங்கள். ஆண் ஈ நண்பகலில் நன்றாகத் தூங்கும், இணைசேர்ந்த பெண் ஈ அவ்வளவு தூங்காது. அந்த வேறுபாடு உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு முறையும் தெளிவாக வரட்டும். அதன்பிறகு டிப்60 ஈக்களின் கலப்புக்குப் போங்கள். இரண்டு பெற்றோர் வழி ஈக்களையும் ஒப்பீட்டுக்காக அதே தட்டில், அதே உணவில் வையுங்கள்.