குடிகள் கொணர்ந்த முடி

அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பது நம்மிடையே வழங்கிவரும் பழமொழி. முடியாட்சியைப் பற்றிப் பேசப் புகுவோர் இதனை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. ஆயினும், நார்வே நாட்டின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இம்மொழியைத் திருப்பிச் சொல்லவே எனக்குத் தோன்றுகிறது. அங்கே குடிகள் எவ்வழியோ, அரசன் அவ்வழி.

நார்வேக்கு அரசர் புதியவரல்லர். 1030ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மாண்ட ஓலாவ் மன்னரை அம்மக்கள் புனிதராகவே போற்றினர். எனினும், 1380இல் ஆறாம் ஹாக்கோன் மறைந்தபின் அந்நாடு டென்மார்க்குடன் ஒரே முடியின்கீழ் இணைந்தது. அவ்விணைப்பு நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1814ஆம் ஆண்டு ஐட்ஸ்வோலில் கூடிய 112 பேராளர்கள் அரசியல் சட்டம் ஒன்றை வகுத்தனர்; மே 17ஆம் நாள் தமக்கென ஓர் அரசரையும் தேர்ந்தனர். ஆனால், அவ்வாண்டு முடிவதற்குள் சுவீடன் மன்னரையே தம் மன்னராக ஏற்கவேண்டிய நிலை வந்துற்றது. தேர்ந்த அரசர் போனார். வகுத்த சட்டமோ சில திருத்தங்களுடன் நிலைத்தது. அச்சட்டமே பின்னாளில் அவர்களுக்கு அரணாயிற்று.

1905இல் நார்வே அமைச்சர்கள் பதவி துறந்தபோது, சுவீடன் மன்னரால் வேறோர் அமைச்சரவையை அமைக்க இயலவில்லை. ஆட்சி அமைக்க இயலாத அரசர் அரசராக இயங்கவில்லை என்று கூறி, ஜூன் 7ஆம் நாள் நாடாளுமன்றமாகிய ஸ்டோர்டிங் அவ்விணைப்பை முறித்தது. குருதி சிந்தாமல் ஒரு நாடு தனித்து நின்றது.

அடுத்து, டென்மார்க்கின் இளவரசர் கார்லை அரியணைக்கு அழைத்தனர். கொடுக்கின்ற முடியைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளாமல், "மக்கள் விரும்புகின்றனரா?" என்று கேட்டார் அவர். குடியரசு வேண்டுவோரும் அங்கு உள்ளனர் என்பதை அவர் அறிந்திருந்தார். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 259,563 பேர் இசைந்தனர். 69,264 பேர் மறுத்தனர். பெண்களுக்கு அன்று அவ்வாக்குரிமை இல்லை. முழு வாக்குரிமை அவர்களுக்கு 1913இல்தான் கிட்டியது. இக்குறையையும் நாம் மறத்தலாகாது. இளவரசர் ஏழாம் ஹாக்கோன் என்னும் பெயரைச் சூடினார்; மகனுக்கு ஓலாவ் எனப் பெயரிட்டார். பெயர்கள் பழையன, அவற்றுக்கு உரிமை தந்த வாக்கோ புதியது.

வாக்களித்துத் தேர்வதாயின் ஒரு தலைவரைத் தேரலாமே, அரசர் எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். நேர்மையான வினாவே அது. 1905இல் குடியரசை விழைந்தோர் எழுப்பிய வினாவும் அதுவே. அதற்கு ஏட்டில் விடை காண்பதினும் 1940ஆம் ஆண்டில் காண்பதே தகும் என்பேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மானியப் படை நார்வேயில் புகுந்தது. குவிஸ்லிங் என்பவரைத் தலைமை அமைச்சராக்குமாறு ஜெர்மானியத் தூதர் மறுநாள் மன்னரை வற்புறுத்தினார். மன்னர் தம் அமைச்சர்களிடம் சென்றார். மக்களும் நாடாளுமன்றமும் நம்பாத ஒருவரைத் தம்மால் அமர்த்த இயலாதென்றும், அமைச்சரவை இணங்குமாயின் தாம் முடிதுறப்பதாகவும் கூறினார். அமைச்சரவை அவர் பக்கம் நின்றது. அடுத்த நாள் அவர்கள் தங்கியிருந்த நீபெர்க்சுண்ட் என்னும் சிற்றூர்மீது குண்டுகள் விழுந்தன. மன்னர் காட்டில் ஒதுங்கினார். ஜூன் 7ஆம் நாள் துரொம்சோவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

சில நாட்களில், ஆதிக்கப் படையின் நெருக்குதலால் ஸ்டோர்டிங்கின் தலைமைக் குழுவினரே அவரை முடிதுறக்குமாறு வேண்டினர். மன்னர் மறுத்தார். ஏப்ரலில் முடிதுறக்க முன்வந்தவர் ஜூலையில் மறுத்தது முரணாகத் தோன்றலாம். முரணன்று அது. முன்னது தடையின்றிக் கூடிய அமைச்சரவையின் முடிவுக்குத் தலைவணங்கும் பணிவு. பின்னது வாளின் நிழலில் எழுதப்பட்ட வேண்டுகோளை மக்கள் குரலெனக் கொள்ளாத தெளிவு. குடிகள் தந்த முடியைக் குடிகளிடமே திருப்பித் தரலாம்; கொள்ளையரிடம் ஒப்படைக்கலாகாது. அந்நிலையில் மன்னர் முடியின் உடைமையாளர் அல்லர், அதன் காவலரே.

மக்களும் அதனை உணர்ந்தனர். அவர் பெயரின் முதலெழுத்தையும் ஏழு என்னும் எண்ணையும் இணைத்துச் சுவர்களிலும் பனியிலும் வரைந்தனர். 1945ஆம் ஆண்டு, அதே ஜூன் 7ஆம் நாள், மன்னர் நாடு திரும்பினார். இணைப்பு முறிந்ததும், மன்னர் பிரிந்ததும், மீண்டதும் ஒரே நாளில் அமைந்தமை வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

அவர் மகன் ஐந்தாம் ஓலாவ், 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் வார இறுதியில் மகிழுந்து ஓட்டத் தடை விதிக்கப்பட்டபோது, பனிச்சறுக்குக் கட்டைகளுடன் மின்தொடர் வண்டியில் மக்களோடு மக்களாய்ச் சென்றார். சட்டம் எல்லார்க்கும் ஒன்றென்பதை ஆயிரம் சொற்பொழிவுகளினும் அப்பயணம் நன்கு உணர்த்தியிருக்கும்.

முடியாட்சி உயர்ந்ததா, குடியாட்சி உயர்ந்ததா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். நார்வே நமக்கு உணர்த்துவது வேறு. ஆட்சியின் பெயர் எதுவாயினும், அதிகாரம் எவரிடமிருந்து வந்தது என்பதை ஆள்வோர் மறவாதிருத்தலே மாண்பு. அதை மறந்த தலைவன் வாக்குப் பெற்றவனாயினும் கொடுங்கோலனே. மறவாத மன்னன் முடி சூடியவனாயினும் மக்களுள் ஒருவனே.