பட்டறையில் ஒரு மக்குப் பிள்ளை

"இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் நம் வீட்டு அம்மாள். சென்ற கோடை விடுமுறையில், பழைய வேஷ்டி ஒன்றை மடித்துக் கட்டிக்கொண்டு நாம் கொல்லுப் பட்டறைக்குப் புறப்பட்ட தினத்தில் பிறந்த கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஜனங்கள் எல்லாரும் சேலத்து வெயிலுக்குப் பயந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏற்காட்டுக்குக் குளுமை தேடி வருகிறார்கள். நாமோ ஏற்காட்டிலேயே குடியிருந்துகொண்டு உலைச் சூட்டைத் தேடிப் போனோம்! வயதோ நாற்பத்தைந்து. கையோ, இருபது வருஷமாகச் சாக்குக் கட்டியைவிடக் கனமான ஆயுதம் எதையும் ஏந்தி அறியாதது.

காரணம் இல்லாமல் போகவில்லை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

சேர்வராயன் கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு கிளைப் பாதையில் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கொட்டகை, மண் உலை, அடிபட்டு அடிபட்டு நடுவில் குழிந்துபோன பட்டறைக்கல். அவ்வளவுதான். காப்பித் தோட்டங்களுக்குக் கவாத்துக் கத்தியும், மலையாளிகள் என்று பெயர் பெற்ற இம்மலைவாசிகளுக்குக் கொடுவாளும் அங்கிருந்துதான் போகின்றன. ஆசாரியார் அறுபதைத் தாண்டியவர்.

"கத்தி அடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஆசாரியாரே!" என்றோம்.

"வாத்தியாரய்யா விளையாடுறீங்க" என்றார். மூன்றாம் நாளும் நாம் போய் நின்ற பிறகுதான் நம்பினார்.

முதல் இரண்டு நாள் பாடம், ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்றுவது மட்டுமே. சுத்தியலைத் தொட அனுமதி இல்லை. "நெருப்பைப் பாருங்க, அது பேசும்" என்பார். நமக்கு ஒன்றும் பேசவில்லை. கண்ணில் புகைதான் வந்தது. மூன்றாம் நாள், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டிய ஒரு துண்டைக் குறட்டில் பிடித்துக் கொடுத்தார். இரும்பு கருஞ்சிவப்பாகி, மிளகாய்ப் பழமாகி, பிறகு உதய சூரியனைப் போல மஞ்சள் கலந்து ஜொலிக்கும். அப்போது அடிக்க வேண்டும். அதையும் தாண்டி வெளுத்துப் பொறி கக்கினால், எஃகு கருகிவிட்டது என்று அர்த்தம். கறுத்த பிறகு அடித்தாலோ உள்ளுக்குள்ளேயே விண்டுபோகும். இடையில் கிடைக்கும் அவகாசம் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில் நாம் அடித்த அடிகளில் பாதி, பட்டறைக்கல்லின் மீதே விழுந்தன.

நாம் பௌதிக சாஸ்திரம் போதிப்பவர். ஏறத்தாழ 770 டிகிரி சென்டிகிரேடில் இரும்பு தன் காந்த சக்தியை இழக்கும் என்பது நமக்குத் தெரியும். கத்தியைத் தண்ணீரில் தோய்ப்பதற்கு அந்தச் சூட்டைச் சற்றே தாண்ட வேண்டும் என்பதும் தெரியும். ஆகவே மறுநாள் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி எடுத்துச் சென்றோம். ஆசாரியார் இரும்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்போ" என்றார். காந்தத்தை நீட்டினோம், ஒட்டவில்லை. மறுபடியும் சோதித்தோம். மறுபடியும் அவர் "இப்போ" என்ற கணத்தில் காந்தம் ஒட்டவில்லை. காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

இந்தக் கண் நேற்று வந்ததல்ல. இம்மலையிலிருந்து தென்மேற்கே பார்த்தால் தெரியும் கஞ்சமலை முழுவதும் இரும்புக் கனி. அக்காலத்துச் சேலம் ஜில்லாவில், உருக்கிய இரும்புத் துண்டை ஆவாரங் கட்டையோடு சிறு மண் மூசையில் இட்டு, இலையால் மூடி, களிமண் பூசி அடைத்து, உலையில் அடுக்கி ஊதினார்கள். கட்டையின் கரி இரும்பில் ஏறி எஃகாயிற்று. 'வூட்ஸ்' என்று மேனாட்டார் வியந்தது இவ்வகை எஃகைத்தான். கம்பெனி உத்தியோகஸ்தராயிருந்த ஹீத் என்பவர் இந்த முறையை விவரித்து எழுதினார். 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றையும் தொடங்கினார். அந்த ஆலை நிலைக்கவில்லை. லண்டனில் மைக்கேல் பாரடே, 1819-இல் இந்திய எஃகைப் பகுத்து ஆராய்ந்தார். மின்சாரத்துக்குப் பெயர் போன அதே பாரடேதான். அவர் ஒரு கொல்லரின் மகன்.

இப்போது காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நாலு வருஷத்துக்கு முன் ஆசாரியாரின் மகன் நம் வகுப்பில் படித்தான். பாரடே பாடம் நடந்தது. கொல்லரின் மகன் உலகப் புகழ் பெற்ற கதையை நாம் வெகு உருக்கமாகச் சொல்லி முடித்து, அவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டோம். அவன் விழித்தான். "உனக்கெல்லாம் சம்மட்டிதான் லாயக்கு!" என்றோம். வகுப்பு சிரித்தது. நாம் செய்தது எத்தனை பெரிய அபத்தம் என்பது அப்போது உறைக்கவில்லை. அந்த வருஷத்தோடு அவன் படிப்பை விட்டான். வகுப்பே சிரித்த அந்தச் சம்மட்டியையும் தொடமாட்டேன் என்று, சேலத்தில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். பட்டறைக்கு இனி வாரிசு இல்லை என்று இவ்வருஷம்தான் கேள்விப்பட்டோம்.

பத்தாம் நாள் நம் கத்தி உருவாகிவிட்டது. தோய்ச்சலுக்கு நாமே காய்ச்சினோம். ஆசாரியார் "போதும்" என்றார். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நாம் வைத்திருந்தோம். தண்ணீரில் இறக்கியதும் 'டிங்' என்று ஒரு சப்தம். முனையிலிருந்து நடுவரை மயிரிழை போல ஒரு விரிசல்! நாம் தலையைக் குனிந்துகொண்டோம். மகனைப் பற்றிய விஷயத்தையும் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னோம்.

"தெரியுமுங்க" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, விரிந்த கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்து, "இரும்பு மேலே குத்தமில்லீங்க. சூடு ஜாஸ்தி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு துண்டை உலையில் வைத்தார்.

இரண்டாவது கத்தி தேறிற்று. தோய்த்த பின் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் மீது வைக்கோல் நிறம் படரும்வரை மறுபடி இளஞ்சூடு காட்டினால் எஃகின் முறுக்குத் தணியும், உடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்த மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கழுத்து தடிச்சுப் போச்சுங்க சார்" என்று சொல்லி, அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தான். கத்தி கையில் வந்து அமர்ந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் ஞாபகமில்லீங்க சார்" என்றான். ஞாபகம் இல்லாதவன் ஏன் தரையைப் பார்த்தான்?

அவன் சேலத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். பட்டறைக்கு மீண்டு வருவானோ, மாட்டானோ, நாம் சொல்வதற்கில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நம் மேஜை மீது ஒரு பொருள் ஏறியிருக்கிறது: விரிசல் விட்ட அந்த முதல் கத்தி. "இதை யார் ஸார் செய்தது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

"ஒரு மக்குப் பிள்ளை. ஆனால் அவனுடைய வாத்தியார் ஒரு நாளும் அவனை அப்படிச் சொல்லவில்லை" என்கிறோம்.