நோன்பும் மாத்திரையும்

ரமலான் பிறை தென்பட்டதும் நம் இல்லங்களில் அடுப்பெரியும் நேரம் மாறுகிறது. முதியோரின் மாத்திரை நேரமும், மருத்துவரைக் கேளாமலேயே, உடன் மாறிவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். காலை மாத்திரை ஸஹருக்கு, இரவு மாத்திரை நோன்பு துறந்தபின் என்று வீட்டாரே கணக்கை முடித்துவிடுகின்றனர்.

நீரிழிவு மருந்துகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் உண்போருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமெப்பிரைடு போன்றவையோ வயிறு காலியாயிருப்பினும் இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டேயிருக்கும். ஸஹரில் அவற்றை உண்டவருக்கு அஸருக்குப்பின் வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் கண்டால், நோன்பின் களைப்பென்று வாளாவிருத்தல் கூடாது. விரல்நுனி இரத்தத்தைச் சோதிப்பதால் நோன்பு முறியாது. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினால், அக்கணமே நோன்பை விட்டுச் சர்க்கரை நீர் பருகத் தரவேண்டும். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது; மருத்துவமனைக்கே விரையவேண்டும்.

எம் தாயார் மஃரிபுக்கு அரைமணி இருக்கையில் இந்நிலையை எய்தினார். “இத்தனை நேரம் தாங்கிவிட்டேன் வாப்பா, பாங்குக்கு இன்னும் கொஞ்சந்தானே” என்று குவளையைத் தள்ளினார். மத்ரஸாவில் ஓதிய சட்ட நூல்களை விரித்துரைக்க அதுவா நேரம்? அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனம் நோயாளிக்கு வழங்கியுள்ள சலுகையை மட்டும் நினைவூட்டினோம். பருகினார், பருகிக்கொண்டே அழுதார்.

மறு ஆண்டு ஷஃபானிலேயே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நோன்பை விடுவதே தக்கதென்றார் அவர். அந்த ரமலானில் தாயார் ஒரு நோன்புக்கு ஓர் ஏழை எனக் கணக்கிட்டுச் சோறிட்டார். கறிக்கு உப்புப் பார்க்கும் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்டார்.