கடற்கரைப் படமும் பெரியம்மாவின் முகமும்

போர்ட் டிக்சன் கடற்கரைக்குச் சென்று திரும்பும் நம்மவரிடம் இக்காலத்தில் காலில் ஒட்டிய மணலைவிடக் கையிலுள்ள படங்களே மிகுதி. அவ்வாசை பிடித்த நாமும் நண்பர் நால்வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் கூடி, அச்சிட்ட படங்களை மேஜைமீது பரப்பிக் குற்றங்குறை ஆராய்வது வழக்கம். படம் எடுத்தவர் வாய் திறத்தலாகாது என்பதொன்றே சட்டம். முகஸ்துதிக்கு இடமில்லை, தேநீருக்கு உண்டு.

பெரும்பாலானவை பழைய குற்றங்களே. கடல் சாய்ந்து, நீரெல்லாம் படத்தின் ஒரு மூலை வழியே வடிந்துவிடுமோ என்று அஞ்சும்படி இருக்கும். அடிவானக் கோடு குழந்தையின் கழுத்தை அறுத்துக்கொண்டு போகும். பின்னால் நிற்கும் சவுக்கு மரம் ஒருவர் தலையில் கொம்பாய் முளைத்திருக்கும். ஓரடி நகர்ந்து நின்றால் இவை தீரும்.

சென்ற மாதம் நேர்ந்த குற்றம் அத்தகையதன்று. செய்தவரும் நாமே.

போர்ட் டிக்சன் மலாக்கா நீரிணையை நோக்கிய கரையாதலால் அங்கே கதிரவன் கடலில் மறைகிறான். மாலையில் கடலைப் பின்னே வைத்து ஒருவரை நிறுத்தினால் ஒளியெல்லாம் அவர் முதுகுப் பக்கம். கேமராவோ காட்சி முழுமைக்குமாக ஒளியை அளந்து, மிகுந்த வெளிச்சத்தை நடுத்தரமாக்க முயலும். வானம் அழகாய் வரும், முகம் கரியாய்விடும். இவ்விதம் இருண்டுபோன நம் பெரியம்மாவின் படத்தைக் கைப்பேசியிலேயே திருத்தி, முகத்தை மட்டும் வெளுக்கச் செய்து, சுருக்கங்களையும் துடைத்து, அச்சிட்டு வைத்தோம். நண்பர்கள் அடிவானத்தைச் சோதித்தார்கள், நேராயிருந்தது. நன்று என்றார்கள். தேநீர்த் தட்டுடன் வந்த பெரியம்மா குனிந்து பார்த்து, “யாரப்பா இந்த அம்மா? என் சேலையைக் கட்டியிருக்காங்களே!” என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியம்மா ஆயுளில் பாதியைப் பால்மரஞ் சீவியே கழித்தவர். நிறத்தில் உயர்வு தாழ்வில்லை என்று கூட்டங்களில் முழங்கும் நமக்கு, விரல் மட்டும் வெளுப்புப் பக்கம் நகர்ந்த காரணம் யாது? பழியில் ஒரு பங்கு பழைய படத்தொழிலுக்கும் உண்டு. அமெரிக்கக் கோடாக் கம்பெனியார் 1950-களில் வண்ணப் படம் அச்சிடும் நிலையங்களுக்கு அளித்த மாதிரி அட்டையில் இருந்தவள் ஒரு வெள்ளைக்கார மாது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் மேனி சரியாய் வந்தால் நிறம் சரியெனக் கொள்ளப்பட்டது. கறுத்த மேனி எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. ஆயினும் அந்த அட்டை வந்து நம் விரலைப் பிடித்து இழுக்கவில்லையே!

மறுவாரம் பெரியம்மாவை மீண்டும் அழைத்துச் சென்றோம். வெயில் பக்கவாட்டில் படுமாறு நிறுத்தி, கைப்பேசித் திரையில் அவர் முகத்தையே தொட்டு ஒளியை அளக்கச் செய்தோம். கறுப்பு கறுப்பாகவே, ஒளியோடு வந்தது. நெற்றிச் சுருக்கம் மூன்றும் வந்தன. இம்மாதக் கூட்டத்தில் சட்டப்படி நாம் வாய் திறவாதிருக்க, வானம் வெளுத்துவிட்டதென்று நண்பர் ஒருவர் குறை கூறினார். அவர் சொல்லி முடிக்குமுன் பெரியம்மா அந்தப் படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.