நாற்று நடும் குழாயும் நீர்க் கலயமும்

இவ்வாண்டு மலருக்கு வடசென்னையில் வசிக்கும் பழைய மாணாக்கர் யாதேனும் ஒரு வியாசம் வரைந்தனுப்புதல் வேண்டுமெனப் பத்திராசிரியர் பணித்தனர். யாம் நால்வர் இக்கல்லூரியில் ஒரே வகுப்பிற் பயின்றவர்கள். இன்று இருவர் இராயபுரத்திலும் இருவர் திருவொற்றியூரிலும் குடியிருக்கின்றோம். எம்முட் புலவர் எவருமிலர். பொறியியல் கற்றாரும் இலர். ஆயினும், ஓய்வு நாட்களிற் கூடி யாம் செய்த ஒரு சிறு கருவியின் வரலாற்றையும், அதனைச் செய்யுமாறு எம்மைத் தூண்டிய ஒரு வெட்கத்தின் வரலாற்றையும் அன்பர்கள் பொருட்டு ஈண்டு எழுதலானோம்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தாப் புயலை இந்நகரத்தார் மறந்திரார். எம் தெருக்களில் நிழல் தந்து நின்ற வேம்பும் பூவரசும் ஒரே பகலில் வேரோடு சாய்ந்தன. மறு ஆண்டு மழைக்காலத்தில் யாம் கடற்கரைச் சாலையோரம் நாற்பது புன்னைக் கன்றுகளை நட்டு, அவற்றின் முன் நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். நாள்தோறும் முறைவைத்து நீர் ஊற்றுவதென்பது எம் ஒப்பந்தம். திருவொற்றியூர்க் கோயிலின் மகிழமரத்தடியிற் சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேனெனச் சூளுரைத்துப் பின் பிரிந்த கதையை அவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. எம் ஒப்பந்தமும் அவ்வழியே சென்றது.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீரளிக்கும் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வழியாக 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது ஜூலை 12-ஆம் நாள். எம் தெருவிலோ குடங்கள் இரவெல்லாம் வரிசையிற் காத்துக் கிடந்தன. ஆட்கள் அவற்றின் அருகே உறங்கினர். அத்தகைய ஒரு மாலையில் யாம் அரைக்குடம் நீரைக் கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற ஓர் அம்மையார், "தம்பிங்களா, எம்புள்ளைங்க குடிக்கத் தண்ணி இல்லாம நிக்குதுங்க, நீங்க குச்சிக்கு ஊத்தறீங்களா?" என்றனர். யாம் விடை கூறவில்லை. எஞ்சிய நீரை அவர் குடத்திற் கவிழ்த்துவிட்டு வீடு திரும்பினோம், அதன்பின் ஊற்றவுமில்லை. ஆவணி பிறக்கும்போது நாற்பதும் காய்ந்த குச்சிகளாக நின்றன. அவர் சொல்லிற் பிழை கண்டோமில்லை. ஆனால் பட்டுப்போன கன்றுகளைக் கடந்து நாள்தோறும் அலுவலுக்குச் செல்வது எளிதாகவும் இருக்கவில்லை.

கடல்நீரை நன்னீராக்கும் ஆலையொன்று காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அளவிற்கென அமைக்கப்பெற்றிருக்கின்றது. அதற்கு அண்மையிலேயே மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரிற் கடலுப்பு ஏறியிருக்கின்றது. எம் வீட்டுக் கைப்பம்பிலும் உப்பே. ஆதலால் மீண்டும் நடுவதாயின் இரண்டு விதிகளைக் கைக்கொள்வதெனத் துணிந்தோம்: குடிநீரில் ஒரு துளியும் எடுத்தல் ஆகாது, நாள்தோறும் வருவோம் என்று எவருக்கும் வாக்களித்தலும் ஆகாது. வாரம் ஒருமுறை வருதலே துறைமுகத்திலும் ஆலையிலும் முறைவேலை பார்ப்போருக்கு இயலும்.

பின்லாந்து தேசத்திற் காடு வளர்ப்போர் பொட்டிபுட்கி என்னும் குழாயொன்றால் குனியாமல் நாற்று நடுவர் எனப் படித்திருந்தோம். குழாயின் அடிநுனி பறவையின் அலகுபோற் கூம்பியிருக்கும். அதனை மண்ணிற் குத்தி, நாற்றை மேல்வாயிலிட்டுக் காலால் மிதியை அழுத்தினால் அலகு திறந்து நாற்று குழியில் இறங்கும். யாம் மூன்றங்குல பிவிசி குழாயொன்றை வாங்கினோம். காசிமேட்டில் விசைப்படகு பழுதுபார்க்கும் பட்டறையார் ஒருவர் தகட்டை வெட்டி அலகும் கீலும் செய்து தந்தனர். கூலி பெற மறுத்து, தேநீர் மட்டும் அருந்தினர். குழாயின் பக்கத்தில் அரை லிட்டர்ப் புட்டி ஒன்றைத் தலைகீழாகக் கட்டி, நீரூற்றும் வழியாக அதன் அடிப்பாகத்தை அறுத்துவிட்டோம். புட்டியின் வாயில் ரப்பர் அடைப்பான். அடைப்பானுக்கும் மிதிக்கும் ஒரு நூல். புட்டியிலிருந்து அலகுவரை மருந்துக்கடையில் வாங்கிய மெல்லிய குழாய். மிதியை அழுத்தினால் அலகும் திறக்கும், நீரும் தானே இறங்கும். ஆட்களே தேவையில்லை என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

கடற்கரையிற் சோதித்தபோது அந்தப் பாராட்டெல்லாம் மணலில் வீழ்ந்தது. அலகு திறந்தவுடன் சுற்றியிருந்த உலர்மணல் சரிந்து குழியை நிரப்பிற்று. நாற்று பாதியில் தொங்கிற்று. நீர் அதன் தலைமீது ஓடிற்று. பன்னிரண்டு முறை முயன்றும் அவ்வாறே. வலை உலர்த்தும் இடத்திற் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நெடுநேரம் பார்த்திருந்து, "தம்பி, காஞ்ச மணல்ல நண்டுகூட வளை தோண்டாது" என்றனர். "பின்னே என்ன செய்யறது, ஆயா?" என்றோம். "மொதல்ல நனை, அப்புறம் குத்து" என்று கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தனர்.

ஈரத்தின் பிடிப்பால் மணல் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராக நிற்கின்றது. சிறுவர் கட்டும் மணல்வீட்டில் யாவரும் கண்டதுதான். நீரைக் கன்றின் உணவென்று மட்டுமே யாம் எண்ணியிருந்தோம். குழியைத் தாங்கும் சுவரும் அதுவே என்பது புலப்படவில்லை. நூலை இரண்டு விரற்கடை குறைத்தோம். அதன்பின் மிதியைப் பாதி அழுத்தினால் நீர்மட்டும் இறங்கும். பத்து எண்ணியபின் முழுதும் அழுத்தினால் அலகு திறக்கும். பதின்மூன்றாம் முயற்சியில் நாற்று நிமிர்ந்து நின்றது. ஆயாவுக்கு அதைக் காட்ட ஓடினோம். அவர் கருவாட்டுக் கூடையுடன் முன்னமே சென்றுவிட்டார்.

நடும்போது ஊற்றிய அரை லிட்டர் எத்தனை நாள் நிற்கும்? அதற்குத் துணையாகக் கன்றின் அருகே ஒரு சாண் தள்ளி மண்கலயம் புதைக்கும் பழைய முறையைக் கொண்டோம். மண் உலரும்போது கலயத்தின் நுண்துளைகள் வழியே நீரை இழுக்கும். ஈரம் நிறைந்தால் இழுப்புத் தணியும். திறப்பதற்கும் அடைப்பதற்கும் ஆள் வேண்டுவதில்லை. அரியானாவிற் கர்னாலில் உள்ள உவர்நில ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களிலேயே இம்முறையைச் சோதித்து எழுதியுள்ளனர். வெறும் மணலுக்கு இழுப்புக் குறைவாதலின், கலயத்தைச் சுற்றி ஏரிவண்டலும் தேங்காய் நார்த்தூளும் இட்டோம்.

முதலில் வாங்கிய கலயங்கள் சாயம் பூசிய அழகிய கலயங்கள். பத்து நாளாகியும் அவற்றில் நீர் குறையவேயில்லை. கொசப்பேட்டைக் குயவர் ஒருவரிடம் முறையிட்டோம். "தண்ணிப் பானை வேணுமா, சோத்துப் பானை வேணுமான்னு கேக்காம வாங்கினீங்களே" என்று அவர் நகைத்தனர். குடிநீர்ப் பானைக்கு மண்ணோடு மணல் மிகுதியாகச் சேர்ப்பராம். அது கசிவதாலன்றோ நீர் குளிர்கின்றது! மூன்று லிட்டர் கொள்ளும் நாற்பது கலயங்களை அவரிடமே பெற்றோம். வாய்க்குக் கொட்டாங்கச்சி மூடி, கொசு முட்டையிடாதிருக்க.

2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் நாற்பது நட்டோம். அவற்றுள் எட்டு, எண்ணூர்க் கழிமுகத்தருகே ஒரு நண்பரின் வீட்டுப் பின்புறம். கோடையிற் கலயங்களுக்கு ஊற்றியது குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து சொட்டும் நீரும் காய்கறி அலம்பிய நீருமே. அரிசி களைந்த நீரையும் ஊற்றிக் கெடுத்தோம். கஞ்சி துளைகளை அடைத்து நாற்றமும் எடுத்தது. ஐந்து கலயங்களைத் தோண்டித் தேய்த்துக் கழுவ வேண்டியதாயிற்று. கோடை முடிவில் இருபத்தொன்பது கன்றுகள் உயிரோடிருந்தன.

அவ்வாண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியது. மீனவர் படகுகளும் வலைகளும் கறுத்தன. அவர்கள் இழந்ததற்கு முன் எம் இழப்புச் சொல்லத்தக்கதன்று. அங்கிருந்த எட்டில் ஆறு மாண்டன. தோண்டி எடுத்த கலயங்களை வெந்நீரிலும் சாம்பலிலும் தேய்த்தும் அவை பின்னர்க் கசியவேயில்லை.

இன்று இருபத்துமூன்று நிற்கின்றன. முன்னர் எம்மைக் கடிந்த அம்மையாரின் வாசலெதிரே நிற்கும் கன்று இப்போது அவர் தோளளவு. அவர் எம்முடன் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. எனினும், காற்றில் விலகிய கொட்டாங்கச்சியை அவர் காலால் நகர்த்திக் கலயத்தை மூடுவதை ஒருநாள் கண்டோம். சென்ற மாதம் அக்கலயத்தில் எத்துணை நீர் ஊற்றினும் நிற்கவில்லை. தோண்டிப் பார்த்தோம். புன்னையின் வேர்கள் அதனைச் சுற்றிப் பின்னி, ஓட்டைப் பிளந்து உள்ளே புகுந்திருந்தன. உடைந்த ஓடுகளை எடுக்காமல் அவ்வாறே மண்ணிட்டு மூடினோம்.