எது போனது, எது நின்றது?

பத்தாம் வகுப்புத் தேர்வில் வெப்பச் சிதைவை அடையாளம் காண்பது பெரிய வித்தை இல்லை. அம்புக்குறிக்கு இடப்பக்கம் ஒரே ஒரு சேர்மம், வலப்பக்கம் இரண்டோ மூன்றோ, அம்பின் தலைமேல் ஒரு குட்டி முக்கோணம். முழு மார்க். சமன்பாட்டைக் காட்டாமல் சோதனைக்குழாயைக் கையில் கொடுத்து, சூடாக்கிப் பார்த்துச் சொல் என்றால்தான் பிள்ளைகள் விழிப்பார்கள். எல்லாரும் முதலில் நம்புவது நிறத்தை. நிறமோ பெரிய புளுகன்.

துத்தநாக ஆக்சைடு வெள்ளைப் பொடி. சூடேறினால் மஞ்சளாகும். "சிதைஞ்சிடுச்சு சார்" என்று ஒரு குரல் எழும். ஆறவிட்டால் பழையபடி வெள்ளை! பச்சை நிறத் தாமிர கார்பனேட் அப்படியல்ல. கறுத்தது கறுத்ததுதான், எத்தனை நேரம் ஆறினாலும் பச்சை திரும்பாது. வெளிவரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் பாலாய்க் கலங்கும். அதன்பிறகு யாரும் வழக்காட முடியாது.

எனக்குப் பிடித்தது அன்னபேதி. நாட்டுமருந்துக் கடைப் பெயரைச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும். புத்தகத்தில் ஃபெர்ரஸ் சல்பேட். வெளிர்பச்சைப் படிகங்களில் சூடு பட்டதும் குழாயின் மேல்பகுதியில் நீர் முத்துமுத்தாய்ப் படியும், பச்சை வெளுக்கும். அவசரக்காரர்கள் இதோடு நோட்டை மூடிவிடுவார்கள். போனது படிகத்தில் இருந்த நீர் மட்டுமே. சல்பேட் சல்பேட்டாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. தீயைக் கூட்டிப் பொறுத்திருந்தால் தீக்குச்சி உரசிய நெடி வரும், அடியில் செங்காவிப் பொடி தங்கும். நெடி கந்தக டை ஆக்சைடு, பொடி ஃபெர்ரிக் ஆக்சைடு. கூடவே கந்தக டிரை ஆக்சைடும் போகும். (நெடியைக் கையால் விசிறித்தான் முகர வேண்டும். குழாய்க்குள் மூக்கை நுழைக்கும் வீரர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.)

லெட் நைட்ரேட்டுக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம். படபடவென்று வெடிக்கும், செம்பழுப்புப் புகை கிளம்பும். புகை நச்சு, புகைக்கூண்டு இல்லாத ஆய்வகத்தில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

கண்ணும் மூக்கும் கைவிடும் இடமும் உண்டு. சுண்ணாம்புக் காளவாயிலிருந்து எடுத்த கல், போட்ட கல்லின் வடிவிலேயே இருக்கும். புகையில் கலந்து போன கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. கையில் தூக்கினால்தான் தெரியும்: தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோ வெந்தால் மிஞ்சுவது 56 கிலோ. எடின்பரோவில் ஜோசப் பிளாக் 1754-இல் தன் ஆய்வேட்டில் பிடித்துக்கொண்டதும் இந்தத் தராசைத்தான். வெண்மக்னீசியாவைச் சுட்டு, குறைந்த எடையை வைத்தே, உள்ளே அடைபட்டிருந்த காற்று ஒன்று வெளியேறியதைக் காட்டினார். ஆக்சிஜனை ப்ரீஸ்ட்லி பிரித்தெடுத்த கதை எல்லாப் பாடநூலிலும் வருகிறது. அதற்குச் சுமார் இருபது ஆண்டு முந்திய இந்தத் தராசுக்கும் ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம்.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரம் இன்னும் கள்ளத்தனமானது. சூடாக்கினால் அடியில் மறைந்து, குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் அதே வெள்ளைப் பொடியாகப் படியும். போனதும் வந்ததும் ஒன்றே என்று தோன்றும். நடுவில் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, மேலே ஈரச் சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடித்தால் தாள் நீலமாகும். நவச்சாரம் அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. இலேசான அமோனியா பஞ்சைக் கடந்து முந்திக்கொள்கிறது. மேலே போய் ஆறியதும் இரண்டும் மறுபடி கூடிவிடுகின்றன. பாடநூல்கள் இதைப் பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கின்றன. சிதைவுப் பாடத்திலும் இதற்கு ஓர் இடம் போட வேண்டும் என்பது என் கட்சி.