மூன்றாம் மாடிக் குசினி

பாரிசின் தென் விளிம்பில், ஜூர்தான் பெருந்தெரு ஓரம், ஒரு பூங்காவுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகள் நிற்கின்றன. வீடு என்றால் மாணவர் விடுதி. அநேகமானவை ஒவ்வொரு நாட்டின் பெயரில். சித்தே யுனிவெர்சித்தேர் என்று பெயர். முதல் உலகப்போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை, இனி வருகிறவர்களாவது ஒன்றாக இருந்து பழகட்டும் என்று, நகரத்தின் பழைய கோட்டை மதில் நின்ற நிலத்தில் கட்டியது. முதல் வீடு திறந்தது 1925இல். இலங்கைக்கு அங்கே வீடு இல்லை. ஆனால் ஒவ்வொரு வீடும் தன் அறைகளில் ஒரு பங்கைப் பிறநாட்டாருக்கு விட வேண்டும். 'பிரசாஜ்' என்பார்கள், கலந்துவிடுவது. அப்படித்தான் 1998இல் எனக்குப் பிரேசில் வீட்டில் இடம் கிடைத்தது.

லெ கொர்பூசியேயும் லூசியோ கொஸ்ராவும் வரைந்த கட்டடம். பார்க்கவென்றே ஆட்கள் வருவார்கள். எனக்குள் தங்கியிருப்பதோ எங்கள் மாடிக் குசினிதான். சூடேற யுகமெடுக்கும் மின்னடுப்பு. பிரேசிலின் பஹியாக்காரி ஒருத்தி இரவே ஊறவைக்கும் கறுப்பு அவரை. மரவள்ளி மாவை அவள் வெண்ணெயில் வறுக்கும்போது எனக்கு அம்மம்மாவின் அடுப்படி ஞாபகம் வரும். நான் செத்தல் மிளகாய் தாளித்தால் மாடி முழுக்க இருமும், ஒருவரும் முறைப்பட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மாத்தறைப் பெடியன் ஒருவன் வந்தான். ஓடையில் ரெலிபோனில் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தான். சிங்களம் காதில் விழுந்ததும் என் முதுகு விறைத்தது. 1995இல் போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரிவரை நடந்தவள் நான். பிறகு கொழும்பில் இரண்டு வருடம் இருந்தும், அடையாள அட்டையை நீட்டும்போது கேட்கிற மொழியாகவே அது எனக்கு இருந்தது. இரண்டு கிழமை அவனோடு நான் கதைக்கவில்லை. ஆனால் அவன் பருப்புக்கு ரம்பை போட்ட நாளில் அந்த மணம் என் அறைக்கதவின் கீழால் வந்தது. ரம்பையை லாச்சப்பலில், எங்கள் ஆட்களின் கடையில்தான் வாங்கியிருப்பான்.

ஒருநாள் இரவு பஹியாக்காரி கேட்டாள், சமைக்கிற அறைக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று. குசினி என்றேன். குஸ்ஸிய என்றான் அவன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு அது கொஸின்யா. பிறகு மூவரும் விரலை நீட்டி நீட்டிச் சொல்லத் தொடங்கினோம். மேசை, மேசய, மேசா. யன்னல், ஜனேலய, ஜனெலா. அலுமாரியும் பாணும் அப்படியே. நல்லூர்க் கோயிலை இடித்த போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள் இவை. அவளுடைய முன்னோரை ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அதையும் அவள் அன்றைக்குச் சொன்னாள். சிரித்து முடித்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. படுக்கப் போகும்போது அவன் "குட் நைட், அக்கா" என்றான். அக்கா அவன் மொழியிலும் அக்காதான்.

அதே பூங்காவில் கம்போடியா வீடு பூட்டிக் கிடந்தது. நாட்டுச் சண்டை விடுதிக்குள்ளும் வெடித்து 1973இல் மூடியது. திறக்க முப்பது வருடமாயிற்று. அந்த இருண்ட யன்னல்களைத் தாண்டும்போது எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுவிடும்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தது. அவனுடைய மச்சான் இராணுவத்தில், அங்கே. என் சித்தி குடும்பம் பளையில். செய்தி வந்த இரவு இருவரும் குசினியில் இருந்தோம். உன் மச்சானின் சேதி ஏதும் தெரியுமோ என்று நான் கேட்டேன். சித்தியிடமிருந்து கடிதம் வந்ததோ என்று அவன் கேட்டான். எங்களுக்கு முன்னால் பஹியாக்காரி சோற்றை வைத்தாள், ஆறியது. மச்சான் திரும்பவில்லை. சித்தி மூன்று மாதம் கழித்துக் கடிதம் போட்டா. அந்தக் கடிதத்தை அவனுக்குக் காட்ட எனக்கு நாலைந்து நாள் பிடித்தது. வாசித்துக் காட்டச் சொன்னான், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் இருக்கிறேன். மேல்மாடி இரண்டு அறையையும் தெற்கிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். ஏன் சிங்களப் பிள்ளைகளை வைத்திருக்கிறாய் என்று அயலில் கேட்டார்கள். போரில் மகனைக் கொடுத்தவர்கள் கேட்கும்போது என்ன பதில் சொல்ல? கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகும் கொடுத்தேன்.

போன தையில் வந்த பிள்ளை, பையைக்கூட வைக்காமல் குசினி வாசலில் நின்று தயங்கியது. உள்ளே வரச் சொன்னேன். பழைய பேப்பரில் சுற்றிய ரம்பைக் கட்டொன்றை எடுத்து நீட்டி, "அம்மா தந்துவிட்டவ, அன்ரி" என்றது, தட்டுத்தடுமாறித் தமிழில். கிணற்றடியில் எங்களிடம் பெரிய பற்றையே நிற்கிறது. சொல்லவில்லை. வாங்கிக் கழுவி அன்றைய பருப்புக்கு அதைத்தான் போட்டேன்.